வலது பக்கம் பார்த்த ஊசி

முதல் தடவை திரையில் வரும் எண்ணை லேப் அக்கா எழுதமாட்டார். வாசலில் மேனேஜரே வந்து நின்றாலும் எழுதமாட்டார். ஊசியைத் தூக்கிக் கழுவி, மெல்லிய தாளில் ஒற்றி எடுத்து, மறுபடியும் கரைசலில் இறக்கி, இரண்டாவதாக என்ன வருகிறதோ அதைத்தான் நோட்டில் ஏற்றுவார். கேட்டால், "மொதல்ல வர்றது ஊசி தண்ணிக்குப் பழகுற நேரம்மா. அத எழுதுனா நாமதான் மடையன்" என்பார். அதற்குள் வெளியே என் லைன் நின்றுகொண்டிருக்கும். நான் அவருடைய முதுகைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இந்த மனுஷிக்கு மட்டும் ஒரு நாளைக்கு முப்பது மணி நேரம் யார் கொடுத்தது என்று எரிச்சலாக வரும்.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். மின்கருவிகளைத் திறந்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பலகை இருக்குமே, அதற்குச் செம்பு பூசுவது எங்கள் பிரிவின் வேலை. நான் லைன் லீடர். பலகை முழுக்கக் குண்டூசி முனை அளவுக்குத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளின் உள்சுவரிலும் செம்பு ஒரே சீராக ஒட்ட வேண்டும். அதற்காகத்தான் நீலக் கரைசல் நிரம்பிய பெரிய தொட்டிகள். கரைசலில் செம்பும் அமிலமும் போக, பிரைட்னர் என்று ஒரு மருந்தும் கொஞ்சம் இருக்கும். ஓட ஓட அது குறையும். குறையக் குறைய ஊற்ற வேண்டும். ஊற்றாமல் விட்டால் பலகை வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சூடு பட்டதும் துளையின் ஓரத்தில் செம்பு வெடித்துவிடும். அது எங்கள் கண்ணுக்குத் தெரியாது. பலகை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான், என்றைக்காவது ஒரு நாள் தெரியும்.

அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுதான் அக்காவின் வேலை. அவர் வருவதற்கு முன்பு கரைசலைப் புட்டியில் அடைத்து மருந்து விற்கும் கம்பெனிக்கு அனுப்புவார்களாம், பதில் வர இரண்டு நாளாகுமாம். அக்காவுக்குக் கால் மணி நேரம் போதும். தலைமுடியைவிட மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து உருக்கி மூடி, நுனியைத் தட்டையாகத் தேய்த்திருப்பார்கள். எலக்ட்ரோடு என்று காகிதத்தில் எழுதுவோம், வாயில் ஊசி என்போம். ஒரு கரண்டிக் கரைசலில் அந்த ஊசியை இறக்கினால் கணினித் திரையில் ஒரு கோடு மலைபோல ஏறி இறங்கும். கோடு எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு மருந்து இருக்கிறது என்று கணக்கு.

ஊசியின் நுனி வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. அதை வெள்ளைப் பொடி தூவிய ஈரத் துணியில் எட்டு எட்டாகச் சுழற்றித் தேய்ப்பார் அக்கா. அப்போது யாரும் பேசக்கூடாது. நான் ஒரு தடவை தும்மிவிட்டேன், திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த தும்மல் தானாகவே அடங்கிப்போனது.

அவர் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான். கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவே விரிசல் விழுந்தால் கரைசல் அதற்குள் ஏறிவிடும். அப்புறம் அந்த ஊசி, உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லும். தொட்டியில் மருந்தே இல்லாவிட்டாலும் நிறைய இருக்கிறது என்று கோடு போடும். "கொறச்சிச் சொன்னா ஊத்திட்டுப் போலாம். கூட்டிச் சொல்ற ஊசிதான் ஆள முழுங்கும்" என்பார். சொல்லும்போதே கழுத்தில் கிடக்கும் சின்னச் சிலுவையைப் பிடித்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை காலைச் சோதனை. கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, எங்களுக்கு வாரம் ஞாயிற்றில்தான் பிறக்கிறது. சனிக்கிழமை மாலை மாதா கோயில் பூசைக்கே போய்விட்டு வந்து, ஞாயிறு விடிந்ததும் ஒன்பது ஊசிகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அளவு தெரிந்த கரைசல் ஒன்றில் தோய்த்து, தேறியது எது, தேறாதது எது என்று பிரிப்பார். ஊசிகள் குடியிருந்தது அவர் மகளின் பழைய கலர் பென்சில் டப்பாவில். ஸ்பாஞ்சை வெட்டி ஒன்பது பள்ளம் செய்து வைத்திருந்தார். தேறிய ஊசியின் நுனி இடது பக்கம் பார்க்கும். தேறாதது, சந்தேகத்துக்கு இடமானது, வலது பக்கம் பார்க்கும். சில வாரம் ஒன்றுகூட வலது பக்கம் பார்க்காது; எண்ணிக்கையை அவர் எழுதிவைப்பதில்லை, திசைதான் கணக்கு. "அதுங்க ஓய்வுல இருக்கு" என்பார். ஊசியிலேயே குறி போடலாமே என்று கேட்டேன். எந்த மையை வைத்தாலும் அமிலம் தின்றுவிடுகிறது, பேப்பர் சுற்றினால் கழுவும்போது உரிந்து கரைசலில் விழுகிறது என்றார். அதனால் மூடியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். 'வலது பக்கம் பார்ப்பது ஓய்வில் உள்ளது' என்று தமிழில், முத்து முத்தான கையெழுத்து.

இந்த இரண்டு தடவை வழக்கம் ஊசியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாக்கார் ஆராங்கிலிருந்து வரும் கிலாங் பஸ்ஸில், அதாவது எங்கள் பேக்டரி பஸ்ஸில், பதினோரு வருடம் ஏறி இறங்கியவர் அவர். தினமும் படியில் கால் வைக்கும்போது டிரைவர் அண்ணனிடம், "பேக்டரி பஸ்தானே அண்ணே?" என்று கேட்பார். "இல்லக்கா, சிங்கப்பூர் போவுது" என்பார் அந்த அண்ணன். அக்கா சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்து, வண்டி கிளம்பியதும் பக்கத்தில் இருப்பவளிடம் இன்னொரு தடவை கேட்பார். கண்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுபவரிடம் முட்டை இருக்கிறதா என்று கேட்டு, வாங்கி, மேசைக்கு வந்து பொட்டலத்தை மேலாக அழுத்திப் பார்ப்பார். பையன்கள் அவருக்கு 'டபுள் செக்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். கண்டுகொண்டதில்லை.

மனிதர்களிடம் அவர் இரண்டாவது தடவை கேட்பது இன்னும் சுவாரசியமாக இருக்கும். காலையில் "சாப்டியாம்மா?" என்பார். சாப்பிட்டேன் என்போம். அரை மணி நேரம் கழித்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே, சம்பந்தமே இல்லாதது மாதிரி, "என்ன சாப்ட்ட?" என்பார். பொய் சொன்னவள் அங்கே மாட்டிக்கொள்வாள். உடனே அவருடைய பையிலிருந்து இரண்டு இட்லி வரும். "மொத பதில் மரியாதைக்குச் சொல்றது. ரெண்டாவதுதான் பதில்" என்பது அவருடைய கட்சி.

சின்ன வயதில் அவருக்கு ஏதோ பெரிய அடி விழுந்திருக்கிறது, அதனால்தான் இப்படி என்று கண்டீனில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மறுநாளே போய்விட்டார் என்பாள் ஒருத்தி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன். "அப்பாவா? பெண்டாங்ல நெல்லு லாரி ஓட்டிட்டு நல்லா இருக்காரே" என்றார். "நான் பொறந்ததுலேருந்தே இப்படித்தாம்மா. எங்கம்மா சொல்லுவாங்க, பால் குடிச்சுட்டுத் திரும்பிப் பாத்துட்டு இன்னொரு வாட்டி குடிப்பேனாம்."

எல்லாரிடமும் இரண்டு தடவை கேட்ட அக்கா, என்னிடம் மட்டும் ஒரு தடவைதான் கேட்பார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜக் மருந்து ஊற்ற வேண்டிய தொட்டியில் இரண்டு ஜக் ஊற்றிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் மறைக்கத் தோன்றவில்லை. நேராக லேபுக்கு ஓடி, "அக்கா, ரெண்டு ஊத்திட்டேன்" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கணக்குப் போட்டு, தொட்டியில் பாதிக் கரைசலை மாற்றச் சொல்லி, எல்லாம் அடங்கிய பிறகு, "ஒன்கிட்ட ரெண்டு தடவ கேக்க வேண்டியதில்ல பிள்ள" என்றார். அன்றைக்கு எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டது. அதற்கப்புறம் அவர் மற்றவர்களை இரண்டாவது கேள்வியில் மடக்கும்போதெல்லாம் நான் ஓரமாக நின்று பெருமையோடு பார்ப்பேன்.

எனக்கு இன்னொரு குணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கு. புட்டிகள் உயர வரிசையில் நிற்க வேண்டும், லேபிள்கள் முன்பக்கம் பார்க்க வேண்டும். துடைப்பத்தைக்கூட நேராகச் சாய்த்து வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தொழிற்சாலையில் சுத்தக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டிருந்தார்கள். ஒரு தடவை உள் ஆடிட்டில், லேபில் நம்பர் போடாத சீட்டு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். டப்பா மூடியில் இருந்த தமிழ்ச் சீட்டை உரித்துக் குப்பையில் போட்டது நான்தான். அக்கா கொஞ்ச நேரம் மூடியையே பார்த்தார். "சரி, நமக்குத்தான் தெரியுமே" என்றார். நமக்கு என்று அவர் சொன்னது அவரையும் என்னையும்.

அந்த வருடம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் திருப்தியாகப் போனால் எனக்கு சூப்பர்வைசர் வேலை என்று மேனேஜர் வாய்விட்டே சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை ஆடிட். திங்கட்கிழமை மதியம் அக்கா பெண்டாங்குக்குக் கிளம்பினார், அம்மாவின் நினைவுப் பூசை. போகும்போது லேப் சாவியை என் கையில் கொடுத்து, "மேசைய மட்டும் தொடச்சு வச்சிடும்மா" என்றார். என்னிடம் என்பதால் ஒரு தடவைதான் சொன்னார்.

நான் மேசையைத் துடைத்தேன். அலமாரியைத் துடைத்தேன். புட்டிகளை அடுக்கினேன். பிறகு அந்த டப்பாவைத் திறந்தேன். ஆறு ஊசி ஒரு பக்கம் பார்த்துக்கொண்டும் மூன்று ஊசி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டும், தாறுமாறாக நட்ட நாற்று மாதிரி இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பாஞ்சைத் தட்டிச் சுத்தம் செய்து, ஒன்பதையும் இடது பக்கம் பார்க்க வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. சீட்டை உரித்தவள் நான், அதில் எழுதியிருந்ததைப் படித்தவள் நான், ஆனாலும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மூடியபோது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

மறுநாள் ஆடிட்டர்கள் லேபைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அக்கா அன்றைய முதல் அளவை எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கப்படி ஒரு ஊசியில் எடுத்ததை இன்னொரு ஊசியில் சரிபார்க்க வேண்டும். நான் வாசலில் நின்று, "ஒரு ஊசி போதும்லா அக்கா, படியேறி வர்றாங்க" என்று அவசரப்படுத்தினேன். அவர் தயங்கினார். ஆனாலும் கேட்டுக்கொண்டார். ஒரே ஊசியில் இரண்டு தடவை எடுத்து இரண்டாவது எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மருந்து தாராளமாக இருக்கிறது என்று வந்தது. ஊற்ற வேண்டியதில்லை. நான் லைனை முழு வேகத்தில் ஓட்டினேன், அவசர ஆர்டர் வேறு இருந்தது.

புதன்கிழமை மதியம் அக்கா என்னை லேபுக்குக் கூப்பிட்டார். உள்ளே அமில வாடையைத் தாண்டித் தைல வாடை அடித்தது, நெற்றியில் அப்பியிருந்தார். ஊசிக்கு ஊசி எண் மாறுகிறது என்றார். நேற்றிலிருந்து விடாமல் ஓடுகிற தொட்டியில் மருந்து குறையாமல் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்பதுபோல் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நான் இல்லாதப்ப ஊசி டப்பாவ யாராச்சும் தொட்டாங்களாம்மா?"

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஸ்பாஞ்சு, மூன்று ஊசி, குப்பையில் போட்ட சீட்டு. கண் முன்னால் மேனேஜரின் புருவம் தெரிந்தது.

"இல்லக்கா," என்றேன்.

"நீ சொன்னா சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த மனுஷி பட்ட பாட்டை நான் பார்த்தேன். டப்பாவை நம்பினார், என்னை நம்பினார், அதனால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். மருந்து ஊற்றும் பம்பைக் கழற்றிப் பார்த்தார். தொட்டியின் சூட்டை அளந்தார். மருந்து டிரம்மின் லேபிளைப் படித்தார், போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் படித்தார். லைனை நிறுத்தலாமா என்று மேனேஜரிடம் கேட்டதற்கு, என்ன கோளாறு என்று காட்டு, நிறுத்துகிறேன் என்றாராம். காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. காட்ட வேண்டியது என் வாயில் இருந்தது. நான் லைனில் நின்று பலகைகளை எண்ணுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. ஏன் என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார், தலைவலி என்றேன், விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை, அவசர ஆர்டரில் முடிந்த இரண்டு பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். பினாங்கு விமான நிலையத்துக்கு. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இப்போது ஓடிப்போய்ச் சொன்னால்கூட நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். லாரியின் பின்கதவைச் சாத்தினார்கள். காவலாளி கேட்டைத் திறந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மதியத்துக்கு மேல் லேபுக்குப் போனபோது அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்து, வேறு வழியில்லாமல் கடைசியாக ஊசிகளுக்கு வந்திருக்கிறார். "எடது பக்கம் பாத்துக்கிட்டு இருந்ததுல மூணு ஊசியில விரிசல்" என்றார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தானே தவறாகப் பார்த்துவிட்டோமா என்று அவர் தன்னைச் சந்தேகப்படத் தொடங்கியிருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான்கா திருப்பி வச்சேன்."

அவர் நிமிர்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவர் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, எப்போது என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் என்றேன். நோட்டில் விரலை வைத்து, செவ்வாய் காலையிலிருந்து ஓடிய பலகைத் தொகுதிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். காலை லாரியில் போன இரண்டு பெட்டிகளுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"நேத்துக் கேட்டேனேம்மா," என்றார். அவ்வளவுதான்.

பிறகு எழுந்து, என்னைப் போய் லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். லைனை நிறுத்த வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் போதும். நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அறைக்குள் என்ன நடந்தது என்று பிறகு கிளார்க் பெண் சொன்னாள். ஊசி டப்பா தன் பொறுப்பு, கையெழுத்து தன்னுடையது, இரண்டாவது ஊசியில் சரிபார்க்காதது தன் தப்பு என்று அக்கா சொன்னாராம். யாராவது தொட்டார்களா என்று மேனேஜர் கேட்டதற்கு, டப்பாவுக்குப் பூட்டு போடாததும் தன் தப்புதான் என்றாராம். என் பேர் வரவில்லை. நான் போய்ச் சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லியிருக்கலாம், மறுநாளும் சொல்லியிருக்கலாம். பயந்துகொண்டு வாயை மூடியிருந்தேன். இதற்கு வேறு பேர் கிடையாது.

கிடங்கில் இருந்த பலகைகளை எல்லாம் நிறுத்தி அழித்தார்கள். அந்த இரண்டு பெட்டிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி வாடிக்கையாளருக்கு எழுதினார்கள். உற்பத்தியில் மற்றவற்றோடு கலந்துவிட்டது, தேடிப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவர். அந்த வருடம் புதுப்பிக்கவில்லை.

கடைசி நாளில் அவர் ஊசிகளைத் துடைத்து, ஒன்பது பள்ளத்திலும் வைத்து, மூடியில் ஒரு சீட்டு ஒட்டினார். அதே வாக்கியம், இந்தத் தடவை கீழே மலாயிலும் எழுதியிருந்தார். சாவியை என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் அண்ணனிடம் வழக்கம்போல் கேட்டார். அண்ணன் கேலி செய்யாமல், "ஆமாக்கா, வீட்டுக்குத்தான்" என்றார். என்னிடம் அன்று அவர் எதுவுமே கேட்கவில்லை.

நான் சூப்பர்வைசர் ஆனேன். லேபில் இப்போது தானியங்கிக் கருவி இருக்கிறது. அதுவே ஊசியை இறக்கும், அதுவே கழுவும், ஒரே ஒரு எண்ணைச் சொல்லிப் பச்சை விளக்கை எரியவிடும். மற்றவர்களுக்கு அது நிம்மதி. எனக்கு அந்த விளக்கை நம்ப முடிவதில்லை. லிஃப்ட் நடுவில் ஒரு நொடி நின்றால் அந்தப் பெட்டிகளை நினைப்பேன். மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது படுக்கையோரம் இருந்த கருவியின் திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள், நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து வயரைச் சரியாகச் சொருகிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் அந்த வயரை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

போன மாதம் நெத்திலி வாங்கத் தஞ்சோங் டாவாய்க்குப் போயிருந்தேன். கருவாட்டுக் கடை வரிசையில் ஒரு குரல், இன்னொரு தடவை நிறுக்கச் சொல்லி மலாய்க் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. முடி முழுக்க நரைத்திருந்தது. சிலுவை அப்படியே இருந்தது. மகள் காரில் காத்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். நலம் விசாரிப்பார் என்று நினைத்தேன்.

"அந்த ரெண்டு பெட்டி திரும்பி வந்துச்சாம்மா?"

இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அதுதான். அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தேன். இந்த வயதில் இதையும் சுமக்க வேண்டுமா என்று தோன்றியது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல, சத்தியமாக அவருக்காகத்தான், "வந்துருச்சுக்கா. அப்பவே வந்துருச்சு" என்றேன்.

"ம்," என்றார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். முட்டிவலி, மகளுக்கு வந்த வரன், பெண்டாங்கில் அப்பா இன்னும் லாரிச் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவது. நானும் பேசினேன், சிரித்தேன்கூட. கடைக்காரர் நெத்திலியைக் கட்டிக்கொடுத்தார். அக்கா பையை வாங்கி, முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டே, சம்பந்தமே இல்லாதது மாதிரி கேட்டார்.

"பெட்டியத் தெறந்து எண்ணிப் பாத்தீங்களா? எத்தன பலகை இருந்துச்சு?"

அவர் அவசரப்படுத்தவில்லை. ஊசி பழகுவதற்கு நேரம் கொடுப்பதுபோல, பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரலக்கா," என்றேன். "எங்க இருக்குன்னே தெரியல."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "ரெண்டாவதத்தாம்மா எழுதணும்" என்று சொல்லிவிட்டு, கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, சாத்திய கதவை இன்னொரு தடவை திறந்து சாத்தினார்.

கார் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்தப் புதன்கிழமை லேபில் அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்துத்தான் அவர் திரும்பிக்கொண்டார்.